ஏழு ஜோடி, ஒன்று தனி

நடந்தது இது:

1. ப்ளஸ் ஒன் உயிரியல் பிரிவில், முதல் இடைப்பருவத் தேர்வில் தேறாத மாணவிகளின் பெயர்களைத் தலைமையாசிரியை என் வாயாலேயே படிக்க வைத்தார்.
2. அவர்களுக்காக ஆய்வகத்தை ஒரு செல்லாக மாற்றி, உள்ளே ஐந்து பெட்டிகளைப் பூட்டி வைத்தேன். பாடத்தைக் கொண்டு பூட்டுகளைத் திறந்து வெளியே வருவதுதான் விளையாட்டு.
3. எல்லோரும் வெளியே வந்தார்கள். தன் குழுவை முதலில் வெளியே கொண்டுவந்தவள் சகாயமேரி.
4. காலாண்டுத் தேர்வில் மற்றவர்கள் தேறினார்கள். சகாயமேரி தேறவில்லை.
5. அவளை உயிரியலிலிருந்து எடுத்து வணிகவியல் பிரிவில் உட்கார வைத்தார்கள்.
6. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் நான் வேலையை விட்டேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரையை நான் எழுதுவது வேடிக்கைதான். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் ஆசிரியர் வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், என் பேர் நிவேதா. நீங்க இருந்த இடத்துக்கு வந்திருக்கேன், பயாலஜிக்கு. அந்தப் பூட்டு கேம் எப்படி மிஸ் நடத்துனீங்க? லேப் அலமாரில பூட்டெல்லாம் அப்படியே இருக்கு. நம்பர்தான் யாருக்கும் தெரியல."

அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். எண்களை மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி., பிறகு பி.எட். வீடு ஸ்ரீரங்கம், பள்ளி கன்டோன்மென்ட் பக்கம். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ். உட்கார இடம் கிடைத்தால் காவிரிப் பாலம் வருவதற்குள் இரண்டு விடைத்தாள் திருத்திவிடுவேன். முதல் சில வருடங்கள் இப்படித்தான் போயின.

தலைமையாசிரியை மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் மின்விசிறியைக் கூட்டி வைப்பார். தண்ணீர் குடிக்கச் சொல்வார். கையிலிருக்கும் பேனாவை மூடி, மேஜையின் விளிம்புக்கு இணையாக வைப்பார். பிறகு, "நீங்களே சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். காத்திருப்பார். கடினமான வாக்கியம் எதையும் அவர் சொன்னதில்லை. எதிரில் இருப்பவர்தான் சொல்வார். சொல்லி முடித்ததும் பேனாவைத் திறப்பார்.

அன்றும் அப்படித்தான். நான் பெயர்களைப் படித்து முடித்தேன்.

"இவங்க ப்ளஸ் டூ போர்டு எக்ஸாம்ல பயாலஜி எழுதுனா நம்ம ரிசல்ட் என்னம்மா ஆகும்?"

"நூறு சதவீதம் வராது மேடம்."

"அப்ப என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

வணிகவியலுக்கு மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். நான், "காலாண்டு வரைக்கும் டைம் குடுங்க மேடம்" என்றேன்.

"காலாண்டுலயும் வரலைன்னா?"

"உங்க முடிவு மேடம்."

"என் முடிவு என்னம்மா இருக்கு இதுல? நீங்க சொன்னதுதான்." பேனாவைத் திறந்தார்.

அந்தப் பெயர்களில் ஒன்று சகாயமேரி. பாலக்கரையிலிருந்து வருபவள். அவள் அப்பா அந்தோணி, துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் இரவு ஷிஃப்ட். வகுப்பு தொடங்கிய முதல் நாள், என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் டாக்டர் என்றார்கள். இவள் எழுந்து, "நர்ஸ் மிஸ். பி.எஸ்சி. நர்சிங். எங்க சித்தி நர்ஸ்" என்றாள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு ப்ளஸ் டூவில் உயிரியல் வேண்டும். உயிரியல் போனால் அதுவும் போயிற்று. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் மெதுவாக எழுதுவாள். கரும்பலகையை நான் அழிக்கப் போகும்போது மூன்றாவது வரியில் இருப்பாள். "சகா இன்னும் லோடிங் மிஸ்" என்று பக்கத்துப் பெண் சொல்வாள். வகுப்பே சிரிக்கும். சகாயமேரியும் சேர்ந்து சிரிப்பாள், எழுதிக்கொண்டே.

இந்தக் குழுவின் குறை என்ன என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். வெறும் வட்டம் ஒன்றைக் கொடுத்து, செல்லின் பாகங்களை உள்ளே வரையச் சொன்னேன். இட்லித் தட்டில் வைத்ததுபோல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். பெயர்கள் எல்லாம் சரி. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எதன் வேலை முடிந்தால் எதன் வேலை தொடங்கும் என்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. இவர்களைச் செல்லுக்குள்ளேயே நடக்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

பாலக்கரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் சூட்கேஸுக்குப் போடும் நம்பர் பூட்டுகள் வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில் கோயில் வாசல் கடையில் எட்டு ஜோடி கண்ணாடி வளையல், எட்டும் எட்டு அளவில். வீட்டில் பையைப் பிரித்த அம்மா, "யாருக்குடி சீமந்தம்?" என்றாள்.

"குரோமோசோமுக்கும்மா."

"நன்னாருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

பள்ளியில் வேதியியல் ஆசிரியர் குமரேசன் சார் விடவில்லை. "என்ன மிஸ், பிள்ளைங்களை செல்லுல போட்டுப் பூட்டப் போறீங்களாமே? ஜாமீனாவது உண்டா?"

உண்மையில் கதவைப் பூட்டவில்லை. முன்கதவில் ஒரு சங்கிலியை மட்டும் மாட்டிவிட்டு, பின்கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

கரும்பலகையில் விதிகளை எழுதினேன். முந்தைய பூட்டைத் திறக்காமல் அடுத்த பெட்டியைத் தொடக் கூடாது. எண்களை உத்தேசமாகத் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே வரக் கூடாது. முதல் விதியை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். செல் அப்படித்தான் வேலை செய்கிறது. உட்கருவில் நகல் எடுக்காமல் ரைபோசோமில் புரதம் உருவாகாது.

வாசலில் இரண்டு பெஞ்சுகள், நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து. அதுதான் செல் சவ்வு. கையில் சீட்டுகள்: ஆக்சிஜன், குளுக்கோஸ், சோடியம், ஸ்டார்ச் என்று. தானாக நுழைவது எது, புரதம் வழிவிட்டால் நுழைவது எது, நுழையவே முடியாதது எது என்று பிரித்தால், சீட்டின் பின்னாலுள்ள எண்கள் முதல் பூட்டைத் திறக்கும். என் மேஜை உட்கரு. அங்கே டி.என்.ஏ. வரிசை ஒட்டப்பட்டிருக்கும். அதை எடுக்கக் கூடாது, நகல்தான் எடுக்க வேண்டும். ஒருத்தி அவசரத்தில் அதையே பிய்த்துக்கொண்டு ஓடினாள். "அடியே, டி.என்.ஏ. வெளிய போகக் கூடாதுடி, வைடி அங்க!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். ஆய்வகத்தில் அந்த வாக்கியத்தை ஒரு மாணவி சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மூன்றாவது பெட்டி ரைபோசோம்: நகலில் மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து மணி கோர்க்க வேண்டும். நான்காவது கோல்கை: கோர்த்த மணியைப் பொட்டலம் கட்டி, போக வேண்டிய இடத்தை எழுத வேண்டும்.

ஐந்தாவதில் வளையல்கள். குன்றல் பகுப்பு என்னும் செல் பிரிதல். அதில் குரோமோசோம்கள் முதலில் தத்தம் ஜோடியோடு சேர்ந்து நடுவில் நிற்கும். பிறகு ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகும். இரண்டு பக்கமும் சரிபாதி. வளையல்களை அளவு பார்த்து ஜோடி சேர்த்து, இரண்டு தட்டுகளில் பிரித்து, ஒரு தட்டிலுள்ள வளையல்களில் நான் ஒட்டியிருந்த எண்களை, ஜோடிக்கு ஒரே எண், கூட்டினால் கடைசிப் பூட்டு திறக்கும்.

சகாயமேரியின் குழு அந்த மேஜைக்கு வந்தபோது ஒரு வளையல் குறைந்தது. காலையில் நான் எடுத்து வைத்தபோது எங்கோ உருண்டுவிட்டிருந்தது. ஏழு ஜோடி, ஒன்று தனி.

"அதையும் ஒரு தட்டுல போட்டுக் கூட்டுடி. நம்பர் வந்துரும்" என்றாள் ஒருத்தி. அது உண்மை. வந்துவிடும்.

சகாயமேரி அந்த ஒற்றை வளையலைக் கையிலேயே வைத்திருந்தாள். "வந்துரும்டி. ஆனா இன்னொரு செல்லுக்கு என்ன போகும்?"

"அது எக்கேடோ கெட்டுப் போகட்டும், மணி ஆகுதுடி!"

"ஜோடி இல்லாம இது எப்படிடி நடுவுல நிக்கும்? எங்கயாவதுதான் இருக்கும். தேடுங்க."

பாடம் செய்த பாம்புகள் இருக்கும் அலமாரிக்கு அடியில் கையை விட்டு, தூசியோடு அதை எடுத்தாள். ஜோடி சேர்த்தாள். பூட்டு திறந்தது. அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து குமரேசன் சார் ஓடிவந்தார். மறுநாள் நான் அதே வெறும் வட்டத்தைக் கொடுத்தேன். எல்லோரும் சரியாக வரைந்தார்கள். அவள் வட்டத்தில் பாகங்களோடு போகிற வழிகளும் இருந்தன.

என் பணிக்காலத்தில் நான் நன்றாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்தது காலாண்டுத் தேர்வு.

வினாத்தாள் வெளியில் மொத்தமாக அச்சடித்து வாங்குவது. பாடம் எடுக்கும் ஆசிரியரைத் தன் பாடத் தேர்வுக்கு மேற்பார்வை போட மாட்டார்கள். அதனால் தேர்வு முடிந்த பிறகுதான் வினாத்தாளைப் பார்த்தேன். நடுப்பகுதியில் ஒரு கேள்வி. ஒரு செல்லில் குரோமோசோம்களின் எண்ணிக்கை பதினைந்து எனில், குன்றல் பகுப்புக்குப் பின் ஒவ்வொரு சேய் செல்லிலும் எத்தனை இருக்கும், படத்துடன் விளக்குக. பதினாறு என்று இருக்க வேண்டியது. ஜோடி ஜோடியாக இருப்பதை எண்ணினால் ஒற்றைப்படை வராது. மாலைக்குள் மதிப்பெண் குறிப்பு வந்துவிட்டது: கேள்வி தவறு, எதையாவது எழுதியிருந்தாலே முழு மதிப்பெண்.

ஆசிரியர் அறையில் திருத்தினேன். எட்டு என்று எழுதியிருந்தார்கள். ஏழு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி பதினைந்தை இரண்டால் வகுத்து ஏழரை என்று எழுதி, கீழே அழகாகக் கோடு போட்டிருந்தாள். எட்டிப் பார்த்த குமரேசன் சார், "ஏழரையா? குரோமோசோமையும் சனி விடலையா மிஸ்?" என்றார். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன்.

சகாயமேரியின் தாள் அடியில் இருந்தது. அந்தக் கேள்வி வரைக்கும் ஏறக்குறைய எல்லாம் சரி. அந்தக் கேள்விக்கு ஏழு ஜோடி வரைந்து, ஒன்றைத் தனியாக வரைந்து, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். அடித்திருந்தாள். மறுபக்கத்தில் மறுபடி ஏழு ஜோடி, ஒன்று தனி. அதையும் அடித்திருந்தாள். அதற்கடுத்த பக்கத்திலும் அதே. அதன்பின் தாள் வெள்ளையாக இருந்தது. பின்னாலிருந்த நெடுவினாக்கள் அனைத்தும் அவளுக்குத் தெரிந்தவை. செல் சவ்வு. கோல்கை. விளையாட்டில் அவள் நடந்து போன இடங்கள்.

"பேனா உங்க கையிலதானே மிஸ் இருக்கு" என்றார் குமரேசன் சார், இந்த முறை சிரிக்காமல்.

"வெள்ளைத் தாளுக்கு எதைப் பார்த்து சார் போடறது? பார்டர்ல இருக்கிற பேப்பரை மேடம் கையால எடுத்துப் பார்ப்பாங்க."

அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா அடுத்த கேள்விக்குப் போகல?"

"அது முடியலையே மிஸ்."

"முடியலைன்னா விட்டுட்டுப் போகணும் இல்லையா? ஹால்ல மிஸ் சொல்லலையா?"

"சொன்னாங்க மிஸ். தெரியலைன்னா விட்டுட்டு எழுதுன்னாங்க. எனக்குத் தெரியும் மிஸ். தெரியாததா இருந்தா விட்டிருப்பேன். ஒண்ணுதான் குறைஞ்சுது. கேள்வில எங்கயாவது இருக்கும்னு தேடிட்டே இருந்தேன். பெல் அடிச்சுட்டாங்க."

வகுப்பில் நான் நடத்திய பாடம் ஒன்று உண்டு. செல் பிரியும் நேரத்தில் ஒரே ஒரு குரோமோசோம் தன் இடத்தில் பொருந்தாமல் நின்றாலும், செல் அப்படியே நின்று காத்திருக்கும். அவசரப்பட்டுப் பிரிந்தால் பிறக்கும் செல் கெட்டுப்போகும். அவள் அதைத்தான் செய்திருந்தாள். செல்லுக்கு மணி அடிப்பதில்லை.

மேடத்தின் அறையில் மின்விசிறி கூடியது. தண்ணீர் வந்தது. நான் தாளைப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி தவறு என்பது, அதைக் கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான் என்பது, மற்றவர்கள் எழுதியது என்ன என்பது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். தாளை நிதானமாகப் புரட்டினார்.

"கேள்வி தப்புதான். அதுக்கு மார்க் குடுத்தாச்சு இல்லையா?"

"குடுத்தாச்சு மேடம்."

"அதுக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி எதுவும் தப்பில்லையே?"

"இல்ல மேடம்."

"பேப்பர்ல பூட்டு எதுவும் இல்லம்மா. முழுசா விரிச்சுதான் அவ முன்னாடி இருந்துச்சு. போர்டு எக்ஸாம்லயும் இப்படி ஒரு கேள்வி வரும். அப்ப என்ன பண்ணுவா? நீங்களே சொல்லுங்க."

அவள் அங்கேயும் நிற்பாள். அவளை எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தோணி வந்தார். இரவு ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சின்ன மகளும் இதே பள்ளியில் ஆறாவது படிக்கிறாள்.

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க" என்றார் மேடம். "ஒரு நாளும் ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. ஆனா பயாலஜி அவளுக்குச் சுமையா இருக்கு. இது இல்லாம அவளால நல்லா வர முடியும். அப்பாவா நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

அந்தோணி என்னைப் பார்த்தார். "மிஸ் என்ன சொல்றாங்க?"

"அவளுக்குப் பாடம் தெரியும் சார்" என்றேன். "என் கிளாஸ்ல அவ அளவுக்குத் தெரிஞ்சவங்க இல்ல."

"அப்புறம் எப்படி மிஸ் ஃபெயில் ஆனா?"

நான் வளையலில் தொடங்கி விளக்கினேன். பாதியிலேயே எனக்குக் கேட்டது, அது எவ்வளவு அபத்தமாக ஒலிக்கிறது என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். புரியவில்லை என்பதை மரியாதைக்காக மறைத்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, "காமர்ஸே போட்டுருங்க மேடம். ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். "அவரே சொல்லிட்டாரும்மா." பேனாவைத் திறந்தார்.

படியில் அவரை நிறுத்தி, வேறு பள்ளிகளில் உயிரியல் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு இடங்களில் கேட்டார். பாதி வருடத்தில் இடமில்லை என்றார்கள். மூன்றாவது இடத்துக்கு அவர் போகவில்லை. பகலில் தூங்க வேண்டியவர்.

வணிகவியல் வகுப்பு ஆய்வகத்துக்கு எதிரே. நான் ஆய்வகத்தைத் திறக்கும்போது ஜன்னலோரம் அவள் எழுதிக்கொண்டிருப்பாள், மற்றவர்களுக்கு மூன்று வரி பின்னால். பார்த்தால் சிரிப்பாள். ஒரு நாள் மதிய இடைவேளையில் வந்தாள்.

"மிஸ், ஒரு டவுட்."

"சொல்லும்மா."

"அந்தக் கேள்வி பிரின்ட் மிஸ்டேக்னு சொன்னாங்க. அப்படின்னா அதுக்கு ஆன்சரே கிடையாது, இல்ல மிஸ்?"

"கிடையாது."

"அப்ப மத்தவங்க எல்லாம் எப்படி மிஸ் எழுதுனாங்க?"

அவள் குறை சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் தோழிகள் பின்னால் "சகா, சாப்பிட வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "போய்ச் சாப்பிடு" என்றேன். "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முடியும் வரை வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும், தெரியாத கேள்வியில் நிற்காதீர்கள், தெரிந்த கேள்வியிலும் நிற்காதீர்கள், எதையாவது எழுதிவிட்டு நகருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் தேறினார்கள்.

நிவேதாவிடம் பூட்டுகளின் எண்களைச் சொன்னேன். ஒரு பூட்டு திறக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்ற முதல் விதியை மட்டும் எடுத்துவிட முடியுமா பாருங்கள் என்றேன்.

"அதை எடுத்துட்டா கேமே இல்லையே மிஸ்?" என்றாள். புத்திசாலிப் பெண். "ஆனா ஒண்ணும் பிரச்சினை இல்ல. அட்மிஷன் டயத்துல பேரன்ட்ஸ் முன்னாடிதான் நடத்தறோம். பூட்டு திறக்கலைன்னா அசிங்கமாயிடும்னு மேடம் சொன்னாங்க. நம்பரை முன்னாடியே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துடுவோம்."

நான் வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தேன்.

இன்றைய நிலை: பள்ளிக்கு உயிரியலில் நூறு சதவீதம் தொடர்கிறது. விளையாட்டு இந்த ஆண்டு சேர்க்கை விளம்பரத்தில் படத்தோடு வந்திருக்கிறது. நான் வீட்டிலிருந்து மருத்துவக் குறியீட்டு வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் குறிப்பைப் படித்து எண் போடுவது. சகாயமேரி பி.காம். படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள் என்று அந்தோணி சொன்னார். நர்சிங் படிக்க அவள் ப்ளஸ் ஒன்னிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவள் தொடங்கப் போவதில்லை. நானும் இனிப் பாடம் எடுக்கப் போவதில்லை.